செட்டிநாட்டு வீடு பார்க்க எங்கே போவது? ஆத்தங்குடி, கானாடுகாத்தான், முட்டுக்காடு: ஓர் ஒப்பீடு

விடுமுறை நெருங்கினால் தெரிந்தவர்களிடமிருந்து இந்தக் கேள்வி வந்துவிடும். “பிள்ளைகளுக்கு ஒரு செட்டிநாட்டு வீட்டைக் காட்ட வேண்டும். ஆத்தங்குடிக்குப் போவதா, கானாடுகாத்தானில் ஓரிரவு தங்குவதா, இல்லை சென்னைக்குப் பக்கத்திலேயே முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா அருங்காட்சியகத்தில் பார்த்தால் போதுமா?” முதல் இரண்டும் காரைக்குடிப் பக்கத்து ஊர்கள். மூன்றுக்கும் பலமுறை போயிருக்கிறேன். வயதான அம்மாவுடன், பிள்ளைகளுடன், தனியாக என்று ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதம். கேட்பவர் யார், கையில் எத்தனை நாள் என்று தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அதனால் நான் எதை வைத்து எடைபோடுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எதை வைத்து எடைபோடுவது?

முதலாவது, வீடு முழு நீளத்தில் நிற்கிறதா என்பது. நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) வீட்டின் உயிர் அதன் நீளத்தில் இருக்கிறது. முன்வாசல் ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். திண்ணை, முகப்பு, வளவு (வானம் திறந்த நடு முற்றம்), இரண்டாம் கட்டு, சமையல் கட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாக வாசல்கள் ஒரே நேர்க்கோட்டில் அமைந்திருக்கும். முன்வாசலில் நின்றால் கடைசி வாசலின் வெளிச்சம் சின்னச் சதுரமாகத் தெரியும். முகப்பை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புகிறவர் வீட்டைப் பார்க்கவில்லை.

இரண்டாவது, உட்கார முடியுமா? கூட்டம் பின்னால் தள்ளிக்கொண்டு வரும்போது வளவு பிடிபடாது. மூன்றாவது, எடுத்துச் சொல்ல ஆள் உண்டா? தூண் தேக்கு, தரை சலவைக்கல் என்பதைக் கண்ணே சொல்லிவிடும். அந்த அறைகளில் யார் யார் எப்படி இருந்தார்கள் என்பதை ஒருவர் சொன்னால்தான் உண்டு. நான்காவது, உடன் வருபவர்களின் முழங்காலும் பொறுமையும். ஐந்தாவது, டிக்கெட்டில் எழுதியிராத செலவு. கடைசியாக, எனக்கு மிக முக்கியமானது: நாம் கொடுக்கும் பணம் அந்தக் கூரையின் ஓட்டை மாற்ற உதவுகிறதா?

நேரமில்லாதவர்களுக்காக அட்டவணையை முன்னாலேயே தந்துவிடுகிறேன்.

| | ஆத்தங்குடி பெரிய வீடு | விடுதியாக மாறிய வீடு | தட்சிணசித்ரா |
|---|---|---|---|
| வீடு | தன் ஊரில், தன் தெருவில் | தன் ஊரில். உள்ளே மாற்றங்கள் உண்டு | பிரித்து எடுத்துவந்து மறுபடி கட்டியது |
| தேவைப்படும் நேரம் | ஒரு மணி முதல் இரண்டு மணி | ஓரிரவு | அரைநாள் |
| விளக்கம் | அன்று இருக்கும் ஆளைப் பொறுத்தது | விடுதி ஊழியர் சொல்வார் | பலகைகளும் வழிகாட்டியும் உண்டு |
| மறைந்திருக்கும் செலவு | வாடகைக் கார் | வரி, சாப்பாடு | வெயில், கைவினைக் கடை |
| யாருக்கு | முதல்முறை வருபவர்களுக்கு | வயதானவர்களுக்கு, நிதானமாகப் பார்ப்பவர்களுக்கு | சென்னையில் இருப்பவர்களுக்கு, பள்ளிப் பிள்ளைகளுக்கு |

ஆத்தங்குடி: பெரிய வீடு

ஊரார் பெரிய வீடு என்றும் மற்றவர்கள் லட்சுமி இல்லம் என்றும் சொல்லும் இந்த வீட்டுக்கு வாசலிலேயே டிக்கெட். ஒரு காபி, பலகாரம் வாங்கும் பணத்துக்குள் அடங்கிவிடும். வெளியே நின்று மேலே பார்த்தால் சுதைச் சிற்பங்களில் தெய்வங்களும் வெள்ளைக்காரச் சிப்பாய்களும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பார்கள். கட்டியவர்களின் காலத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. உள்ளே கூரையில்தான் கண் நிற்கும். வண்ணம் தீட்டிய அந்த வேலைப்பாட்டைப் பார்க்கக் கழுத்து வலிக்கும் வரை அண்ணாந்து நிற்கலாம்.

நான் சொல்வது, கூரையைப் பார்த்து முடித்ததும் கீழே குனியுங்கள். வெறுங்காலில் நடக்கும்போது சலவைக்கல் ஒரு குளிர்ச்சி, ஆத்தங்குடிக் கல் (இந்த ஊரில் அச்சிடும் வண்ணச் சிமெண்டுத் தரைக்கல்) வேறொரு குளிர்ச்சி. சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சுண்ணாம்பு, கடுக்காய், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பல தடவை பூசித் தேய்த்த சுவர் அது. உரித்த முட்டையைத் தொட்டதுபோல வழுவழுப்பாக இருக்கும். மே மாத மதியத்திலும் அந்தச் சுவர் சுடாது. காற்றாடி இல்லாத காலத்தில் அந்த வீட்டில் எப்படி இருந்தார்கள் என்ற கேள்விக்குப் பதில் அந்தச் சுவரிலும் வளவின் திறந்த வானத்திலும் இருக்கிறது.

இந்த வழியைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. அதே ஊரில் கல் அச்சிடும் கொட்டகைகள் இருக்கின்றன. கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ வடிவ அச்சை இறக்கி, கரண்டியால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வண்ணச் சிமெண்டுக் குழம்பை ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கும் நொடியில் வண்ணங்கள் ஒன்றோடொன்று கலக்காமல் கோடு பிடித்து நிற்கும். அந்த ஊற்றும் கைதான் வேலையின் முழு ரகசியமும். பிறகு உலர்ந்த சிமெண்டும் மணலும் தூவி, மேலே கலவை போட்டு மட்டப்படுத்தித் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போடுவார்கள். எடுத்துக் காயவைத்ததும் கண்ணாடி தானாகக் கழன்றுவிடும். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி கொடுத்தது. வீட்டில் கால் பட்ட தரை எப்படிப் பிறக்கிறது என்பதைப் பத்தே நிமிடத்தில் பார்த்துவிடலாம். பிள்ளைகள் அசையாமல் நின்று பார்த்த இடம், எனக்குத் தெரிந்து, அரண்மனை போன்ற அந்த வீட்டைவிட இந்தக் கொட்டகைதான்.

குறைகளும் இருக்கின்றன. டிக்கெட் குறைவு, ஆனால் போய்ச்சேரும் செலவு அதிகம். சென்னையிலிருந்து பல்லவன் எக்ஸ்பிரஸில் காரைக்குடி வரை சுலபமாக வந்துவிடலாம். அங்கிருந்து ஆத்தங்குடிக்கு உள்ளூர்ப் பஸ்ஸை நம்பினால் பாதி நாள் காத்திருப்பில் போய்விடும். அரைநாளுக்குக் கார் பேசுவதே நல்லது. அந்தக் கார் வாடகை டிக்கெட்டைப்போலப் பல மடங்கு ஆகும் என்பதை முன்பே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். சனி, ஞாயிறு முற்பகலில் வேன் வேனாகக் கூட்டம் இறங்கும். வார நாளில் பதினோரு மணிவாக்கில் போனால் வெயில் நேராக வளவுக்குள் இறங்கும், ஆளும் குறைவாக இருக்கும்.

இந்த வட்டாரத்து வீடுகளுக்கெல்லாம் பொதுவான ஓர் இடைஞ்சல் சினிமாப் படப்பிடிப்பு. ஒருமுறை திருச்சியிலிருந்து காரில் இரண்டு மணி நேரம் பயணம் செய்து வேறொரு வீட்டு வாசலில் நின்றபோது, உள்ளே படப்பிடிப்பு, நாளை வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அன்றிலிருந்து முதல்நாள் விசாரிக்காமல் நான் கிளம்புவதில்லை. முகூர்த்த மாதங்களிலும் இப்படித்தான். குடும்பக் கல்யாணம் பூர்வீக வீட்டில் நடக்கும். அந்த வீட்டுக்கு அதைவிடச் சிறந்த நாள் வேறு இல்லை என்பதால் அதற்காக வருத்தப்படவும் கூடாது.

கானாடுகாத்தான் பக்கம்: விடுதியாக மாறிய வீட்டில் ஓரிரவு

கானாடுகாத்தான் என்றதும் பலரும் அரண்மனையைத்தான் நினைக்கிறார்கள். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை 1929-இல் நிறுவிய ராஜா சர் அண்ணாமலைச் செட்டியாரின் வீடு அது. தெருவிலிருந்து பார்க்கலாம். உள்ளே பொதுமக்களை விடும் வழக்கம் இல்லை. இதை நம்பி வண்டி பிடித்து வந்து ஏமாந்தவர்கள் ஏராளம். காரைக்குடியின் ஆயிரம் ஜன்னல் வீடும் அப்படியே, வெளித்தோற்றம் மட்டும்.

உள்ளே போக, உட்கார, தூங்கி எழ வேண்டுமென்றால் விடுதியாக மாறிய வீடுகள்தான் வழி. இவை எல்லாம் ஒரே மாதிரி இல்லை. கானாடுகாத்தானில் செட்டிநாடு மேன்ஷன் பழைய அமைப்பில் உள்ள வீடு. அதே ஊரின் விசாலம், தந்தை மகளுக்காகக் கட்டியது. ஆர்ட் டெகோ என்ற மேலைநாட்டுக் கட்டடப் பாணி கலந்த பிற்கால வீடு என்பதால், தேக்குத் தூணும் பெரிய வளவும் எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அது வேறாகத் தெரியும். கடியாபட்டியில் சிதம்பர விலாஸ், கோத்தமங்கலத்தில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர்கள் இருவர் சீர்செய்த சாரதா விலாஸ் ஆகியவையும் இந்த வரிசையில் வரும். காரைக்குடியின் ‘பங்களா’ சாப்பாட்டுக்குப் பேர்போனது. ஆனால் அது கூட்டுக் குடும்பத்துக்குக் கட்டிய வளவு வீடு அல்ல. வீடு பார்ப்பதுதான் நோக்கம் என்றால் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டு பதிவு செய்யுங்கள்.

தங்குவதில் கிடைப்பது நேரம். மாலை ஐந்து மணிக்கு வளவுத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தால், வெயில் சுவரில் மெல்ல ஏறி ஓட்டு விளிம்பைத் தொட்டு மறைவது வரை பார்க்கலாம். மழை வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். நான்கு பக்கத்து ஓடுகளிலிருந்தும் தண்ணீர் வளவுக்குள் கொட்டும் சத்தத்தை எந்த அருங்காட்சியகமும் காட்ட முடியாது. மழை குறைந்த சீமை இது. அந்தத் தண்ணீரை மூலைக்கு மூலை அண்டா வைத்துப் பிடித்தார்கள். மிச்சம் ஊருணிக்குப் போகும்படி தெருவையும் அமைத்தார்கள். காலையில் எழுந்து அந்த ஊருணிப் படிக்கட்டு வரை நடந்துவிட்டு வாருங்கள். வீடு தனியாக நிற்கவில்லை, ஊரின் ஓர் உறுப்பாக நிற்கிறது என்பது அப்போதுதான் புரியும்.

என் அம்மாவுக்கு முழங்கால் வலி. ஆத்தங்குடியில் திண்ணைப் படி ஏறி, நிலைப்படிகளைத் தாண்டித் தாண்டி மூன்றாம் கட்டுக்குப் போவதற்குள் களைத்துவிட்டார். விடுதியில் அதே தூரத்தை ஒரு நாள் முழுக்க நடந்தார். நடுவில் உட்கார்ந்து, காபி குடித்து, சமையல் கட்டில் அம்மியைப் பார்த்து அங்கே வேலை செய்யும் அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தார். “இங்க எத்தனை அடுப்பு இருந்தது ஆச்சி?” என்று என் அம்மா கேட்ட கேள்விதான் எனக்கு அந்த வீட்டைத் திறந்துகாட்டியது.

பதில் இதுதான். நகரத்தார் குடும்பத்தில் கல்யாணமான ஒவ்வோர் ஆணும் ஒரு புள்ளி. கல்யாணமாகிச் சில காலத்தில் மகனையும் மருமகளையும் ‘வேறு வைப்பார்கள்’. வேறு வீட்டில் இல்லை, அதே வீட்டில். வளவைச் சுற்றியுள்ள அறைகளில் ஒன்று அவர்களுக்கு, சீர் வந்த பாத்திரங்களும் பண்டமும் அதற்குள். சமையலும் தனி, வரவு செலவும் தனி. வாசலும் வளவும் சாமியும் பொது. வளவைச் சுற்றி ஏன் இத்தனை சின்ன அறைகள், இத்தனை பெரிய வீட்டில் படுக்க ஏன் இவ்வளவு குறைந்த இடம் என்று குழம்பிய எனக்கு அன்றுதான் விளங்கியது. ஆண்கள் கடல்கடந்து பர்மாவிலும் இலங்கையிலும் மலாயாவிலும் வருடக்கணக்கில் இருந்தார்கள். அந்த அறைகளின் சாவி ஆச்சிகளின் இடுப்பில் இருந்தது.

செலவைப் பார்ப்போம். ஒரு குடும்பத்துக்கு ஓரிரவு என்பது சில ஆயிரங்களில் தொடங்கி வேகமாக மேலே போகும். அதன்மேல் வரி. சாப்பாடு பெரும்பாலும் விடுதியிலேயேதான். கிராமத்தில் இரவு எட்டு மணிக்கு மேல் வேறு கடை தேட முடியாது. வாழையிலைச் சாப்பாடு அருமையாக இருக்கும், பில்லும் அதற்கேற்ப இருக்கும். பதிவு செய்யும்போதே சாப்பாட்டு விலையைக் கேட்டுவிடுங்கள். தங்க வசதி இல்லாதவர்கள் மதியச் சாப்பாட்டுக்கு மட்டும் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகலாம். சில விடுதிகள் இதற்குச் சம்மதிக்கும். சாப்பிட்டுவிட்டு வீட்டைச் சுற்றிப் பார்க்கலாம். பணத்தை எண்ணிச் செலவழிப்பவர்களுக்கு நான் முதலில் சொல்லும் யோசனை இதுதான்.

இன்னொன்றையும் மறைக்கக் கூடாது. விடுதி என்றால் குளியலறை வேண்டும், ஏசி வேண்டும், நீச்சல் குளம் வேண்டும். இதற்காகப் பழைய அமைப்பில் கை வைத்திருப்பார்கள். எது பழையது, எது புதிது என்று கேட்டால் நல்ல விடுதியில் தயங்காமல் சொல்வார்கள்.

முட்டுக்காடு: தட்சிணசித்ரா

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 25 கிலோமீட்டர். மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன் 1996-இல் திறந்த இடம். தென்மாநிலங்களில் இடிபட இருந்த பழைய வீடுகளை வாங்கி, பிரித்து, கொண்டுவந்து மறுபடி கட்டியிருக்கிறார்கள். வளாகத்தின் அமைப்பில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் கை உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை. இதை மறந்து போய் நிற்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

இங்குள்ள செட்டிநாட்டு வீடு உண்மையான மரம், உண்மையான தூண். ஆனால் தெரு இல்லை, ஊருணி இல்லை, எதிர்வீடு இல்லை. முதல் அளவுகோலில் இது பின்தங்கும். மூன்றாவது அளவுகோலில் முந்தும். விளக்கம் ஒழுங்காக இருக்கிறது, கழிப்பறை வசதி இருக்கிறது, சக்கர நாற்காலிக்காரர்கள் வளாகத்தின் பெரும்பகுதியைச் சுற்றிவர முடியும். வீட்டுப் படிகள் மட்டும் தடை.

ஆத்தங்குடியில் கிடைக்காத ஒன்று இங்கே கிடைக்கிறது. சில நிமிட நடையில் நெசவாளர் வீடு, குயவர் வீடு, கூடை முடைபவர் வீடு, அக்கிரகாரத்து வீடு எல்லாம் இருக்கின்றன. நெசவாளர் வீட்டில் குனிந்து நுழைந்து வெளியே வந்த பிள்ளை, அடுத்து செட்டிநாட்டு வீட்டின் தூணைக் கட்டிப்பிடித்து அளந்து பார்த்துவிட்டுக் கேட்டது: “ஒரே ஊர்ல ரெண்டு பேரும் இருந்தாங்களா?” அந்தக் கேள்வி செட்டிநாட்டுத் தெருவில் நடக்கும்போது எழாது. அங்கே எல்லா வீடும் பெரியது.

மறைந்திருக்கும் செலவு இங்கே உடம்புக்கு. பத்து ஏக்கர், பாதி வெயிலில். ஏப்ரல், மே மாதங்களில் பதினோரு மணிக்கு மேல் பிள்ளைகள் துவண்டுவிடுவார்கள். கைவினைப் பொருள் கடையில் டிக்கெட்டைவிட அதிகம் செலவாகும். அது கைத்தொழில் செய்பவர்களுக்குப் போகும் பணம் என்பதால் நான் அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன்.

யாரும் எடுத்துச் சொல்லாத பகுதி

மூன்று இடங்களிலும் பர்மாத் தேக்கைப் பற்றிச் சொல்வார்கள், பர்மாவைப் பற்றி அவ்வளவாகச் சொல்வதில்லை. இந்த வீடுகளைக் கட்டிய பணத்தில் பெரும்பங்கு கீழ் பர்மாவின் நெல் வயல்களுக்குக் கொடுத்த கடனின் வட்டி. காடு திருத்தி உலகத்துக்கே அரிசி ஏற்றுமதி செய்யும் நாடாகப் பர்மா மாறியதில் செட்டியார் முதலீட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. உலகப் பொருளாதாரப் பெருமந்தத்தில் நெல் விலை சரிந்தபோது கடனைக் கட்ட முடியாத உழவர்களின் நிலம் கைமாறியது. முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சுமார் 6 விழுக்காடாக இருந்த செட்டியார் நிலம் 1938-இல் சுமார் 25 விழுக்காடு. வட்டிக்கடைக்காரர்கள் நிலம் கேட்டுப் போனவர்கள் அல்லர், அவர்களுக்கு வேண்டியது பணம். ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அது ஆறுதல் இல்லை. 1942-இல் ஜப்பானியர் வந்ததும் எல்லாம் கைவிட்டுப் போனது. புதிய வீடுகள் எழும்புவது நின்றதும் ஏறக்குறைய அப்போதுதான். பிள்ளைகளிடம் இதையும் சொல்லுங்கள். தூணின் அழகு இதனால் குறைந்துவிடாது.

பணம் எங்கே போகிறது?

ஒரு வீட்டுக்கு இன்று முப்பது, நாற்பது பங்காளிகள் இருப்பது சாதாரணம். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் கோயம்புத்தூரில். ஓடு மாற்ற எல்லோரும் பங்கு போட வேண்டும், விற்க எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். முடியாதபோது வீடு பூட்டிக் கிடக்கும், ஓடு சரியும், மழை தேக்கில் இறங்கும். கடைசியில் பிரித்து விற்றுவிடுவார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவின் பழம்பொருள் கடைகளில் சாய்த்து வைத்திருக்கும் கதவுகள் அப்படி வந்தவைதான். கஜலட்சுமி செதுக்கிய நிலையைக் கண்டு ஆசைப்படாதவர் இல்லை. நானும் ஆசைப்பட்டிருக்கிறேன். எனாமல் கிண்ணம், பழைய டப்பா வாங்குங்கள், தவறில்லை. தூணையும் நிலையையும் வாங்காதீர்கள். அவை ஒரு வீட்டின் எலும்பு.

இந்தக் கணக்கில் விடுதிகள் முன்னே நிற்கின்றன. தினமும் ஆள் புழங்கும் வீட்டில் ஒழுகல் உடனே தெரியும், உடனே அடைபடும். டிக்கெட் வீடும் தன்னைத் தானே காத்துக்கொள்கிறது. யாரும் கணக்கில் சேர்க்காத நான்காவது வகை ஒன்று உண்டு. தெருவில் நடக்கும்போது, வீட்டைக் காத்துக்கொண்டிருக்கும் அம்மா திண்ணையில் உட்கார்ந்திருப்பார். பணிவாகக் கேட்டால், குடும்பத்தார் அனுமதித்திருந்தால், திறந்துகாட்டுவார்.

அப்படி ஒருவர் எனக்குத் திறந்துகாட்டினார். சாண் நீளச் சாவி, மூன்று சுற்று. கதவு திறந்ததும் வௌவால் வாடையும் பழைய தேக்கின் வாடையும் சேர்ந்து வந்தன. வளவின் நடுவில் போன வாரத்து மழைத்தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. அவர் பேசிக்கொண்டே துடைப்பத்தை எடுத்துக் கல்லில் இருந்த வடிகால் துளையைக் குத்திவிட்டார். தண்ணீர் சுழித்து இறங்கியது. “படைப்புக்கு வருவாக. அதுக்குள்ள பாசி புடிச்சிரக் கூடாதுல்ல” என்றார். படைப்பு என்பது முன்னோர்களுக்குப் படையலிடும் குடும்ப வழிபாடு. அங்கே டிக்கெட் கிடையாது. கிளம்பும்போது அவர் கையில் ஒரு தொகை கொடுத்துவிட்டு வாருங்கள். படம் எடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள். பூட்டிய அறைகளை எட்டிப் பார்க்க வேண்டாம்.

என் தேர்வு

சென்னையில் இருப்பவர், ஒரு நாள்தான் விடுப்பு, பிள்ளைகளுக்குப் பத்து வயதுக்குள்: தட்சிணசித்ராவுக்குப் போங்கள், தயக்கமே வேண்டாம். மதுரை அல்லது திருச்சியில் இருந்து ஒரு நாளில் போய்த் திரும்புகிறவர்: காலையில் ஆத்தங்குடி, கல் கொட்டகை, முன்பே சொல்லிவைத்த விடுதியில் மதியச் சாப்பாடு, மாலையில் கானாடுகாத்தான் தெருக்களில் நடை. அப்பா அம்மாவுடன் போகிறவர்: எப்படியாவது மிச்சம் பிடித்து ஓரிரவு தங்குங்கள். அவர்கள் சின்ன வயதில் இருந்த வீட்டைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்கள். நீங்கள் இதுவரை கேட்காத கதைகள் வரும்.

ஒன்றே ஒன்றுக்குத்தான் வாய்ப்பு, வயதும் உடம்பும் இடம் கொடுக்கிறது என்றால் நான் ஆத்தங்குடியைச் சொல்வேன், அதுவும் மார்கழி அல்லது தை மாதத்து வார நாளில். சித்திரையில்தான் போக முடியும் என்றால் பையில் ஒரு ஜோடி காலுறை வைத்துக்கொள்ளுங்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தாழ்வாரத்தின் சலவைக்கல் ஜில்லென்று இருக்கும், திறந்த வெளியில் கிடக்கும் வளவுக் கல் காலைப் பொசுக்கிவிடும்.